ஓடையில் பாலம் இல்லை

கேள்வி: அமெரிக்காவின் ஆரம்ப காலத்தில் வாழ்ந்த மார்த்தா பல்லார்ட் என்ற பெண் 27 வருடம் டைரி எழுதியிருக்கிறாராம். கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். மழை, சலவை, நூல் நூற்றது, யார் வீட்டுக்குப் போனார் என்பதுதான் பக்கம் பக்கமாக இருக்கிறது. இதில் என்ன சுவாரசியம்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: சுவாரசியமா? அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. தாத்தாவின் டைரியைப் புத்தகமாகப் போடுகிறேன் என்று வருகிறவர்கள் பால் கணக்கையும் வண்ணான் கணக்கையும் வெட்டிவிட்டு, தலைவர்களைப் பார்த்த பக்கங்களை மட்டும் கொண்டுவருவார்கள். கேட்டால், ‘அதில் சுவாரசியம் இல்லை சார்’ என்பார்கள். வெட்டிய பக்கங்களில்தான் தாத்தா வாழ்ந்தார் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை சண்டை போட்டுவிட்டேன். இன்னும் போடுவேன்.

மார்த்தாவுக்கும் இதே கதிதான். 1870இல், மார்த்தா வாழ்ந்த பகுதியான அகஸ்டா நகரத்தின் வரலாற்றை எழுதியவர் அந்த டைரியைப் பார்த்தார். சில இடங்களைத் தவிரப் பொதுவாக யாருக்கும் சுவாரசியப்படாது என்று ஒதுக்கிவிட்டார்.

அவர் ஒதுக்கியது என்ன? 1789 ஏப்ரல் 24ஆம் தேதிப் பக்கத்தை எடுங்கள். கொட்டும் மழை. மதியம் ஒரு மணிக்கு, பிரசவ வலி என்று ஆள் வருகிறது. மார்த்தாவுக்கு அப்போது வயது 54. அலை அடிக்கும் கென்னபெக் ஆற்றைப் படகில் தாண்டுகிறார். அடுத்து ஓர் ஓடை, மிதக்கும் மரக்கட்டைகள் மேல் கால் வைத்து அதையும் தாண்டுகிறார். கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய மரம் வேரோடு கண்ணெதிரே சாய்கிறது, குதிரை மிரண்டு பின்வாங்குகிறது. இன்னோர் ஓடையில் பாலத்தையே காணோம். கூட வந்தவர் தண்ணீரில் இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்து நடத்திப் போகிறார். இரவு பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறக்கிறது, தாய் நலம். இத்தனையும் சில வரிகளில் முடிந்துவிடுகிறது.

மார்த்தா மருத்துவச்சி. 1735இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். 1769இல் தொண்டை அடைப்பான் நோய் அவருடைய மூன்று பெண் குழந்தைகளை மூன்று வாரத்துக்குள் கொண்டுபோனது. 1777இல் குடும்பத்தோடு இன்றைய மெய்ன் மாநிலத்தின் ஹாலோவெல்லுக்குக் குடிபெயர்ந்தார். (அது யாரும் இல்லாத காடு அல்ல, வாபனாக்கி என்ற பூர்வகுடி மக்களின் மண். குடியேறியவர்களின் வீரத்தைப் பாடுகிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.) 1785 முதல் 1812 வரை 816 பிரசவங்களைக் குறித்து வைத்தார். பிரசவ நேரத்தில் ஒரு தாயைக்கூட அவர் இழக்கவில்லை. குழந்தை பிறந்த பிறகு, படுக்கையில் இருந்த நாட்களில் இறந்த தாய்மார்கள் ஐந்து பேர்தான். கிருமியால் நோய் வரும் என்பதே மருத்துவத்துக்குத் தெரியாத காலத்தில் இது.

கூலி பெரும்பாலும் ஆறு ஷில்லிங். காசு இல்லாதவர்கள் பொருளாகக் கொடுத்தார்கள், அதையும் எழுதினார். வீட்டுத் தறியில் பெண்கள் நெய்த துணி எந்த வீட்டுக்குப் போனது, பதிலுக்கு என்ன வந்தது என்பதெல்லாம் இருக்கிறது. ஆண்களின் கணக்குப் புத்தகங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்த ஊர்ப் பெண்கள் எந்தத் தொழிலும் செய்யவில்லை என்றுதான் தோன்றும்.

நீங்கள் நினைக்கிற மாதிரி சுவாரசியமும் உண்டு. கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிரசவம் என்றால், வலி உச்சத்தில் இருக்கும்போது தகப்பன் யார் என்று மருத்துவச்சி அன்று கேட்க வேண்டியிருந்தது. அந்த வாக்குமூலத்துக்குச் சட்டத்தில் மதிப்பு இருந்தது. 1791 அக்டோபரில் சாலி பியர்ஸ் என்ற பெண்ணிடம் மார்த்தா கேட்டார். வந்த பதில்: ‘உங்கள் மகன் ஜோனதன்.’ மார்த்தா அதை மறைக்கவில்லை. தன் மகன் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். நாலு மாதத்தில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. குடும்ப மானம் போகும் என்று அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் பெண்மணி மேல் எனக்கு இத்தனை மரியாதை.

கணவர் எஃப்ரெயிம் நிலம் அளப்பவர். வரி வசூலிக்கும் பொறுப்பையும் ஏற்று, வசூலித்துக் கட்ட முடியாமல் 1804இல் கடன் சிறைக்குப் போனார். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த மார்த்தா டைரியை நிறுத்தவில்லை. கடைசி வரி 1812 மே மாதம். சில வாரங்களில் இறந்துபோனார்.

நோட்டுகள் குடும்பத்துக்குள்ளேயே கைமாறி, கொள்ளுப்பேத்தியின் மகளான மேரி ஹோபார்ட்டிடம் வந்தன. அவர் டாக்டர். 1930இல் மெய்ன் மாநில நூலகத்துக்குக் கொடுத்தார். 1990இல் ஒரு வரலாற்றாசிரியை, நீங்கள் சலித்துக்கொண்ட அதே மழையையும் சலவையையும் வரிவரியாகக் கூட்டி ஒரு ஊரின் வாழ்க்கையையே எழுதினார், மறு வருடம் புலிட்சர் பரிசு கிடைத்தது. சரி, இன்னொரு முறை திறந்து பாருங்கள். இந்தத் தடவை புரட்டாமல், ஒரே ஒரு மாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தேதி தேதியாகப் படியுங்கள்.