ஜான், இவான், ஹுவான், ஷான்: எல்லாம் ஒரே பெயரா?

ஆமாம், நான்குக்கும் வேர் ஒன்றுதான்: யோஹானான் என்ற எபிரேயப் பெயர். 'யாவே அருள்கூர்ந்தார்' என்று பொருள். யாவே என்பது கடவுளின் பெயர்.

ஒலி எப்படி இவ்வளவு மாறியது என்பதுதான் இதில் சுவாரசியமே. கிரேக்கத்துக்குப் போனபோது நடுவிலிருந்த 'ஹ' உதிர்ந்து, ஆண்பால் பெயர்களுக்குரிய 'ஸ்' கடைசியில் ஒட்டிக்கொள்ள, இயோவான்னேஸ் ஆனது. லத்தீன் வழியாகப் பழைய பிரெஞ்சுக்கு வந்ததும் முதலில் இருந்த 'ய' ஒலி 'ஜ' ஆகிவிட்டது. அந்த 'ஜ'வை ஆங்கிலம் அப்படியே வைத்துக்கொண்டது. ஐரிஷ் மொழியில் அந்த ஒலியே கிடையாது. அதனால் பிரெஞ்சு பேசிய நார்மானியர்கள் கொண்டுவந்த அதே பெயரை ஐரிஷ்காரர்கள் ஷான் என்றார்கள். ஸ்பானிஷில் பெயரின் முதல் ஒலி பிற்பாடு தொண்டையிலிருந்து வரும் 'ஹ'வாக மாறியதால் ஹுவான். ரஷ்ய இவான் தனி வழி. அது கிரேக்கத்திலிருந்து ஸ்லாவிய மொழிகளுக்குள் போனது.

ஜெர்மன் ஹான்ஸ், இத்தாலிய ஜொவான்னி, பெண்பெயர்களான ஜேன், ஜோன் எல்லாம் இதே குடும்பம்தான். ஜான்சன், ஹான்சன், இவானோவ் போன்ற குடும்பப் பெயர்களும் அப்படியே. தமிழ் பைபிளில் யோவான். கத்தோலிக்கர்கள் ஒலியை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்து வைத்த அருளப்பர்தான் எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது.

அப்புறம், ஜோனத்தானை இதில் சேர்த்துவிடாதீர்கள். 'யாவே கொடுத்தார்' என்று பொருள்படும் அது வேறு பெயர்.