இவாபுச்சிக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜப்பான் மகளிர் கால்பந்து பற்றிய கட்டுரையில் மனா இவாபுச்சியை அவ்வளவு பாராட்டியிருந்தீர்கள். 2011 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அவர் களமிறங்கியதே கூடுதல் நேரம் முடியப்போகும் தருவாயில்தான். கோல் கணக்கிலும் அதே அணியின் யூகி நாகாசாதோ அவரைவிட எவ்வளவோ மேல். பிறகு எப்படி இவ்வளவு புகழ்? ஊடகங்கள் ஊதிப் பெருக்கியதா?

ஆதிரை

அன்புள்ள ஆதிரை,

ஊடகங்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் அவை வருவதற்கு முன்பே ஆட்டம் பேசிவிட்டது. 2008இல் நியூசிலாந்தில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஜப்பான் காலிறுதியிலேயே இங்கிலாந்திடம் பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்றது. அப்படியும் தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து 15 வயது இவாபுச்சிக்கே கிடைத்தது. மரடோனாவின் பெயரோடு சேர்த்து 'மனாடோனா' என்று ரசிகர்கள் கொண்டாடியதற்குக் காரணம் அவருடைய டிரிப்பிளிங், அதாவது பந்தைக் காலோடு வைத்து எதிராளிகளைத் தாண்டிப்போகும் திறமை.

அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உயரம் ஏறக்குறைய 156 செ.மீ.தான். பந்து வந்து சேர்வதற்குள் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிடுவார். உடலைப் பாதி திருப்பிவைத்து, டிஃபெண்டருக்கு எட்டாத பக்கத்துக் காலால் பந்தை வாங்குவார். அந்த முதல் தொடுதலிலேயே கோலைப் பார்க்கத் திரும்பியிருப்பார். அதன்பின் குட்டிக் குட்டிக் காலடிகள், பந்து காலை விட்டு விலகாது. உயரமான டிஃபெண்டர் காலை நீட்டினால் உடல் எடை ஒரு பக்கம் சாயும். இவர் மறுபக்கமாகப் போய்விடுவார். கால்பந்து விதிகள் தெரியாதவருக்கும் இது கண்ணில் படும். நாகாசாதோவின் பலம் அப்படிச் சட்டெனத் தெரிவதில்லை. கோலடிப்பவர் என்ற அளவில் அவரே பெரியவர். 2010இல் ஜெர்மனியின் பாட்ஸ்டாம் அணியோடு ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கும் வென்றவர்.

இவாபுச்சியின் முறைக்கு எல்லை உண்டு. பந்து தரையோடு வர வேண்டும், அதுவும் எதிரணியின் நடுக்களத்துக்கும் தற்காப்புக்கும் இடையிலுள்ள இடைவெளியில். கோலுக்கு முதுகுகாட்டி நிற்கும்போது தலைக்கு மேல் பந்தைப் போட்டால், வலுவான டிஃபெண்டர் தோளால் இடித்தே பறித்துக்கொள்வார். முதல் தொடுதல் சற்று நீண்டாலும் அதே கதிதான். முழங்கால் காயங்களும் அவரை விட்டபாடில்லை.

புகழ் நிலைத்ததற்கு இன்னொரு காரணம், அவர் கோலடித்த நேரங்கள். 2015 உலகக் கோப்பைக் காலிறுதியில் மாற்று ஆட்டக்காரராக வந்து, கார்னருக்குப் பின் கோல்முன் ஏற்பட்ட நெரிசலில் 87ஆம் நிமிடம் பந்தை உள்ளே தள்ளினார். ஆஸ்திரேலியா 0-1 என்று வெளியேறியது. 2018 ஆசியக் கோப்பையை ஜப்பான் வென்றபோது தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. 2023 உலகக் கோப்பை அணியில் இடம் கிடைக்காதபோது ரசிகர்கள் வருந்தியதில் நியாயம் இருந்தது. அந்த செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார்.

ஒரே ஒரு கோல் பார்ப்பதென்றால், 2021 ஜூலையில் சப்போரோவில் கனடாவுக்கு எதிராக 84ஆம் நிமிடம் அடித்ததைப் பாருங்கள். சக ஆட்டக்காரர் ஹசேகாவா தூக்கிப்போட்ட நீளப் பந்து, அதன் பின்னால் ஓட்டம், பந்தை நிறுத்தாமலே வலது காலால் ஒரு அடி. பந்தைவிட்டு அவருடைய காலடிகளைக் கவனியுங்கள்.