குதிகால் வலிக்கு ஷூ: மெத்தென்று இருந்தால் மட்டும் போதாது

கேள்வி: பெங்களூரில் ஓசூர் ரோடு பக்கம் ஒரு மருத்துவமனையில் ஐ.சி.யூ. நர்ஸ். 12 மணி நேர டியூட்டி. சில மாதங்களாக வலது குதிகாலில் வலி, தூங்கி எழுந்து முதல் அடி வைக்கும்போது உயிர் போகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார்கள். டியூட்டிக்குத் தட்டையான கறுப்பு பெல்லி ஷூ போடுகிறேன். எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்புக்கு மாறுவதா, மெமரி ஃபோம் ஷூ வாங்குவதா?

டியூட்டிக்கு இரண்டுமே வேண்டாம், சிஸ்டர். நீங்கள் சொல்கிற அறிகுறி பெரும்பாலும் பிளாண்டர் ஃபேசியைடிஸ். குதிகால் எலும்பில் தொடங்கி விரல்களின் அடிவரை உள்ளங்காலில் ஒரு கெட்டியான சவ்வு ஓடுகிறது, அது எலும்பில் ஒட்டும் இடத்தில்தான் பிரச்சினை. தூங்கும்போது சுருங்கிக் கிடந்தது முதல் அடியில் வெடுக்கென்று இழுபடுவதால் அந்த வலி. எக்ஸ்ரேயில் தெரிந்த எலும்பு முள்ளை நினைத்துப் பயப்படாதீர்கள், வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அது இருக்கிறது.

ஷூ வாங்க ஜெயநகர் நாலாவது பிளாக்கோ கமர்ஷியல் ஸ்ட்ரீட்டோ, எங்கே போனாலும் சாயங்காலம் போங்கள், டியூட்டிக்குப் போடும் சாக்ஸோடு. நாள் முழுக்க நின்ற கால் அப்போது கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுக்குத்தான் ஷூ வேண்டும். விலையையும் பிராண்டையும் பார்ப்பதற்கு முன்னால் ஷூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். குதிகாலின் பின்பக்கத்தை இரண்டு விரலால் அமுக்கினால் அமுங்கக் கூடாது. முன்னும் பின்னும் பிடித்து மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும்தான் மடங்க வேண்டும், நடுவில் மடங்குகிற ஷூ உங்கள் சவ்வின் மேல்தான் பாரத்தைப் போடும். ஈரத்துணி மாதிரி முறுக்க வந்தாலும் வைத்துவிடுங்கள். மெமரி ஃபோம் கடையில் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மணிக்கணக்கில் நிற்கும்போது அது நசுங்கிவிடுகிறது, தாங்குவதற்கு அடியில் ஒன்றும் இருக்காது. பெல்லி ஷூவில் இந்தத் தாங்கலும் கிடையாது, குதிகால் உயரமும் கிடையாது. முன்பக்கத்தைவிடக் குதிகால் ஒரு சென்டிமீட்டர் அளவு உயர்ந்திருந்தால் கெண்டைக்காலின் இழுப்பு குறையும்.

அப்புறம் லேஸோ வெல்க்ரோவோ கட்டாயம் இருக்கட்டும், ஏனென்றால் சும்மா நுழைத்துப் போடும் ஷூ கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஐ.சி.யூ. என்பதால் மேல்பக்கம் மூடியிருக்க வேண்டும், ஓட்டையோ வலைத்துணியோ கூடாது. ரத்தம் சிந்தலாம், ஊசி விழலாம். துடைத்தால் சுத்தமாகிற மேல்பாகமும் ஈரத்தரையில் வழுக்காத ரப்பர் அடியும் போதும்.

உள்ளே இருக்கும் இன்சோலைக் கழற்ற முடிந்தால் நல்லது, உள்ளங்கால் வளைவைத் தாங்கும் ரெடிமேட் இன்சோல் வைத்துக்கொள்ளலாம், இரண்டு காலுக்கும். அளவெடுத்துச் செய்யும் விலை உயர்ந்த இன்சோலுக்கு எடுத்ததும் செலவழிக்க வேண்டாம், பெரும்பாலானோருக்கு ரெடிமேடே கிட்டத்தட்ட அதே பலன் தருகிறது.

எம்.சி.ஆர். செருப்பை வாங்குங்கள், ஆனால் வீட்டுக்கு! டியூட்டி முடிந்து வந்து டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு சமைத்துத் துவைத்துக்கொண்டிருந்தால் நல்ல ஷூ போட்ட பலன் பாதி போய்விடும். வீட்டுக்குள் செருப்பா என்று கூச்சப்பட வேண்டாம், வெளியே போடாமல் தனியாக ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலை விட்டு இறங்கும்போதே கால் அதில்தான் படவேண்டும். இறங்குவதற்கு முன், வலிக்கிற காலை மறு முழங்கால் மேல் போட்டு, விரல்களைக் கையால் புறங்கால் பக்கமாகப் பின்னால் இழுத்து 10 விநாடி வைத்திருங்கள், இப்படி 10 தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஷூவைவிட இது முக்கியம் என்றுகூடச் சொல்வேன். ஒரு வாரத்தில் சரியாகாது. மாதங்கள் ஆகலாம், ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே குறைந்துவிடுகிறது.

குதிகாலை இரண்டு பக்கமும் சேர்த்து அமுக்கினால் கடுமையாக வலித்தாலோ, மரத்துப்போனாலோ, வீங்கினாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பு மருத்துவரை உடனே பாருங்கள். இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் இடுப்பும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் வாதநோய் மருத்துவரிடம் போங்கள், அது வேறு நோயாக இருக்கலாம்.