கறுப்பால் மூடிய படம்

கேள்வி: என் அண்ணன் ஆறு மாதத்துக்கு முன் விபத்தில் இறந்துவிட்டார். அவர் மகளுக்கு எட்டு வயது. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை, அழுவதும் இல்லை. சனிக்கிழமை ஓவியப் பயிலரங்கு ஒன்றில் சேர்த்துவிட்டேன். அங்கே பென்சிலால் எதையோ வரைகிறாள். அப்புறம் அதன்மேல் கறுப்பு கிரேயானைத் தேய்த்து மூடிவிடுகிறாள். போன வாரம் கிரேயானே உடைந்துவிட்டது. பயிற்சி தருபவர், "சந்தோஷமா ஏதாவது வரையேன்" என்கிறார். அண்ணியோ, "ஆறுகிற புண்ணைக் கிளறாதே" என்கிறார். நிறுத்திவிடலாமா? - ஓர் அத்தை

பதில்: அன்புள்ள சகோதரி,

நிறுத்த வேண்டாம். வாய் திறக்காத பெண், கிரேயான் உடையும் அளவுக்கு எதையோ அந்தத் தாளில் இறக்கிவைக்கிறாள். எட்டு வயதில் துக்கம் இருக்கும், அதைச் சொல்ல வார்த்தை இருக்காது. கை முந்திக்கொள்கிறது.

கறுப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கறுப்பு என்றால் மனச்சோர்வு, சிவப்பு என்றால் கோபம் என்று வாய்ப்பாடு ஒப்பிப்பவர்களை நம்ப வேண்டாம். ஒரு நிறத்தை மட்டும் வைத்து எந்த நிபுணராலும் குழந்தையின் மனதைக் கணிக்க முடியாது. அடியில் என்ன வரைந்தாள் என்றும் துருவாதீர்கள். அப்பா போனது யாரைக் கேட்டும் நடக்கவில்லை. இந்தத் தாளில் மட்டும் எது தெரியலாம், எது மறைய வேண்டும் என்பதை அவளே தீர்மானிக்கிறாள். அதை அவளிடமே விட்டுவிடுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த "சந்தோஷமா வரை"தான். உன் வருத்தத்துக்கு இங்கே இடமில்லை என்றுதான் அது குழந்தையின் காதில் விழும். பயிற்சி தருபவரிடம் தனியாகப் பேசுங்கள். பரிசு, போட்டி வேண்டாம். "அழகா இருக்கு" என்ற பாராட்டுகூட வேண்டாம், அடுத்த வாரம் அழகாக வரையப் பார்ப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணில் படுவதைச் சொன்னால் போதும்: "ரொம்ப அழுத்தித் தேய்ச்சிருக்கே." பேச வந்தால் கேளுங்கள், வராவிட்டால் விடுங்கள். களிமண்ணும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குத்தலாம், பிய்க்கலாம், திரும்ப உருட்டலாம், எதுவும் கெட்டுப்போகாது.

ஃப்ரீடல் டிக்கர்-பிரான்டைஸ் என்ற ஓவியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1942 டிசம்பரில் நாஜிகள் அவரை இன்றைய செக் நாட்டில் இருந்த டெரெசின் என்ற யூதர் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். அங்கிருந்த குழந்தைகளுக்கு அவர் ஓவியம் கற்றுக்கொடுத்தார். முகாமில் இருந்தும் பிள்ளைகள் பூ வரைந்தார்கள், வீடு வரைந்தார்கள். படத்தில் தங்கள் பெயரை எழுதச் சொல்வார். 1944இல் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி கொலை முகாமில் அவர் கொல்லப்பட்டார். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோரும் பிழைக்கவில்லை. இரண்டு பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்ட சுமார் 4,500 படங்கள் மிஞ்சின. முகாமுக்கு முன்பே அவரிடம் படித்த ஈடித் கிராமர் பின்னாளில் அமெரிக்காவில் ஓவிய சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரானார். ஆகவே உங்கள் மருமகள் ஒரு நாள் பூ வரைந்தால், துக்கத்தை மறைக்கிறாள் என்று நினைக்காதீர்கள். அப்பாவை வரையச் சொல்லியும் கேட்காதீர்கள்.

அண்ணியின் பயம் புரிகிறது. அவரும் இழந்தவர்தானே. ஆனால் அப்பா பெயரை எடுத்தால் அம்மா அழுவாள் என்று தெரிந்து வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைகள் நிறைய உண்டு. ஒரு நாள் அண்ணியையும் ஒரு தாளோடு மகள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பேசவே வேண்டாம், இரண்டு பேரும் ஏதாவது கிறுக்கட்டும். அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: பயிலரங்கு வேறு, சிகிச்சை வேறு. தூக்கம் கெடுவது, விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வருவது, பள்ளிக்குப் போக மறுப்பது, ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்து ஒவ்வொரு முறையும் இன்னும் கலங்குவது, இவை தொடர்ந்தால் குழந்தைகள் மனநல நிபுணரைப் பாருங்கள். "நானும் அப்பாகிட்டப் போறேன்" என்று சொன்னால் அன்றைக்கே அழைத்துப் போங்கள். படங்களை அவரிடம் காட்டுவதென்றால், அவளைக் கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள்.