வாசம் மாறினால் இனமும் மாறுமா?

பூச்சியை வாசம் காட்டி இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி பற்றிக் கேட்கப்போய், பாதிப் பேர் பொறியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

"மாந்தோப்பில் மெத்தில் யூஜினால் பொறி மாட்டியிருக்கிறேன். பழ ஈயில் ஆண் மட்டும்தான் விழுகிறது. அது பெண் ஈயின் வாசமா?" (வாழப்பாடி)

இல்லை. அது செடிகளில் இருக்கும் பொருள். துளசியிலும் உண்டு; துளசியைக் கசக்கி வைத்தால் ஈ வருவது அதனால்தான். ஆண் ஈ அதை நக்கிக் குடித்து, உடம்புக்குள் வேறு இரண்டு பொருளாக மாற்றி, மலக்குடலை ஒட்டிய சுரப்பியில் சேர்த்து வைக்கும். அந்தி சாயும் நேரத்தில் இறக்கையை அதிரவைத்து அந்த வாசத்தை விசிறும். பெண் அதைத் தேடி வரும். உங்கள் பொறிக்கு வந்தவன் பெண் தேடி வரவில்லை, அத்தர் வாங்க வந்தவன்.

எது தனி இனம் என்ற வழக்கிலும் இந்த வாசம் சாட்சி சொல்லியிருக்கிறது. பப்பாயே, இன்வாடென்ஸ் என்று தனித்தனி இனமாக எழுதி வைத்திருந்த பழ ஈக்கள் ஒன்றோடொன்று தாராளமாக இணைந்தன. மெத்தில் யூஜினால் குடித்தபின் ஒரே பொருட்களைத்தான் சேர்த்தன. மரபணுச் சான்றும் ஒத்துப்போக, 2015-ல் அவை நம் மாங்காய் ஈயான டார்சாலிஸ் இனத்துக்குள்ளேயே வந்துவிட்டன. கரம்போலே என்ற சொந்தக்கார ஈ மட்டும் தனியாக நிற்கிறது. குடிப்பது அதே சரக்கு, சேர்க்கும் கலவை வேறு.

"பெண்ணின் வாசம் மாறினால் ஆணுக்கு அடையாளம் தெரியாது. ஆண் வராவிட்டால் வாரிசு ஏது? புது இனம் எங்கிருந்து வரும்?" (கல்லூரி மாணவி, சேலம்)

இந்தக் கேள்வியை நானும் வெகுநாள் சுமந்திருக்கிறேன்.

பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். கூட்டை விட்டு வந்த பெண் அந்துப்பூச்சி நகராமல் உட்கார்ந்திருக்கும். வயிற்று நுனியில் மஞ்சளாக இரண்டு சின்னப் பைகள் பிதுங்கி நிற்கும். தட்டின் மறுபக்கம் ஆண்களை விட்டால், பறக்க உதவாத இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, வட்டமடித்தபடி நடந்தே வந்து சேரும். அந்த வாசப் பொருளைத்தான் ஜெர்மன் வேதியியலாளர் பூட்டனான்டின் குழு சுமார் 5 லட்சம் அந்துகளைக் கொண்டு பிரித்தெடுத்து, 1959-ல் பாம்பிகால் என்று பெயரிட்டது. ஒரே இனத்துக்குள் சேதி சொல்லும் இத்தகைய வாசப் பொருளைப் பெரோமோன் என்பார்கள்; உலகில் முதலில் அடையாளம் கண்ட பெரோமோன் அது.

இவ்வளவு இறுக்கமான ஏற்பாட்டில் வாசம் பிசகிய பெண்ணுக்குத் துணை கிடைப்பது கஷ்டம்தான். அந்தப் பிசகு பெரும்பாலும் அவளோடு முடிந்துவிடும். நீங்கள் சொல்வது அந்த அளவில் சரி.

ஆனால் எல்லா ஆணின் மூக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கொஞ்சம் பிசகிய வாசத்துக்கும் வருகிற ஆண்கள் சிலர் எப்போதும் இருப்பார்கள். அந்த ஜோடிகளின் பிள்ளைகளுக்கு மாறிய வாசமும் தாராள மூக்கும் சேர்ந்தே கிடைக்கின்றன. ஐரோப்பிய மக்காச்சோளத் துளைப்பான் என்ற அந்துப்பூச்சியைப் பாருங்கள். அதில் இரண்டு கூட்டங்கள்; இரண்டிலும் பெண் விடும் வாசத்தில் அதே இரண்டு பொருள்தான். ஒரு கூட்டத்தில் 97க்கு 3, மற்றதில் கிட்டத்தட்ட தலைகீழாக 1க்கு 99. விகிதத்தை மாற்றும் பெண்ணின் மரபணு 2010-ல் தெரிந்தது. ஆணின் விருப்பத்தை மாற்றும் மரபணு 2021-ல்தான் பிடிபட்டது. இரண்டும் வெவ்வேறு குரோமோசோமில் இருக்கின்றன! அதாவது இரண்டும் ஒரே அடியில் மாறவில்லை. இன்றும் இந்தக் கூட்டங்களுக்குள் அங்கங்கே கலப்பு நடக்கிறது, அதனால் முழுதாகப் பிரிந்த இனங்கள் என்று நான் சொல்லமாட்டேன். பாதிவழியில் நிற்பதைக் கண்ணால் பார்க்கிறோம், அதுதான் இதன் அருமை.

நாசோனியா என்ற குட்டிக் குளவியில் இன்னொரு வழி. அங்கே வாசம் விடுவது ஆண். ஒரு இனத்தின் ஆணிடம் மட்டும் புதிதாக ஒரு பொருள் சேர்ந்தது. அது இல்லாத நெருங்கிய இனத்துப் பெண்களுக்கு அந்தப் பொருளைக் காட்டினால் சட்டையே செய்வதில்லை. ஆக, தொடக்கத்தில் அது யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் இருந்திருக்கிறது; அந்த இனத்துப் பெண்கள் பின்னால்தான் அதைக் கவனிக்கப் பழகினார்கள்.

"சேர்வராயன் மலையில் மட்டுமே இருக்கும் பல்லிகள் உண்டாமே. அதுவும் வாசத்தாலா?" (ஏற்காடு)

அங்கே முதல் காரணம் மலையேதான். சுற்றிலும் வெயில் காயும் சமவெளி. நிழல் பாறையில் பழகிய சின்னப் பல்லி அதைக் கடந்து கொல்லிமலைக்குப் போக முடியாது. 2019-ல் இந்த மலையிலிருந்தே நெமாஸ்பிஸ் என்ற பல்லி வகையில் இரண்டு புது இனங்கள் விவரிக்கப்பட்டன; ஒன்றின் பெயரே ஷெவராயென்சிஸ். பொதுவாக, பிரிந்த கூட்டங்கள் என்றாவது மறுபடி சந்திக்கும்போதுதான் வாசத்துக்கு வேலை வரும். அடையாளம் தெரிந்தால் கலந்துவிடும், இல்லாவிட்டால் பிரிவு நிலைக்கும்.

"காபித் தண்டுத் துளைப்பான் பொறியில் பெண் வண்டு விழுகிறது. லூர் (பொறிக்குள் மாட்டும் வாசப் பொருள்) தப்பா?" (ஏற்காடு)

தப்பில்லை. அதில் வாசம் விடுவது ஆண். முட்டை போடுகிறவளே விழுவது உங்களுக்கு லாபம்.

"படைப்புழுப் பொறியில் வேறு அந்துகளும் விழுகின்றனவே?" (தலைவாசல், மக்காச்சோளம்)

நெருங்கிய இனங்கள் சில பொருட்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, விகிதத்தில்தான் பிரிகின்றன. அதனால் ஒன்றிரண்டு தவறி வரும். நிறைய வந்தால் உங்கள் விரலைச் சந்தேகப்படுங்கள். கத்தரிக்காய்த் துளைப்பான் லூரைத் தொட்ட கையாலேயே இதையும் மாட்டினீர்களா? ஒவ்வொரு லூருக்கும் புது கையுறை போடுங்கள். ஒரு பூச்சிக்கு வைத்த பொறியில் அப்புறம் இன்னொன்றின் லூரைத் தொங்கவிடாதீர்கள்.