பட்டறைக் கேள்வி-பதில்: கோது ஏன் ஹோல்டரில் ஏறவில்லை?

வெளிநாடுகளில் இலக்குச் சுடும் கழகங்களில் சேர்ந்திருக்கும் உறவினர்களுக்காக நம் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இம்முறை சேர்ந்துவிட்டன. பதிலுக்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் துப்பாக்கிகளுக்கு 1916ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் வெடிபொருட்களுக்கு 1956ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளன. உரிமம் இல்லாமல் வீட்டில் ரவை நிரப்புவது குற்றம். ஆகவே மருந்தளவு பற்றி ஒரு சொல்லும் இங்கே வராது. சுட்டபின் மிஞ்சும் பித்தளைக் கோதும், அதன் அடி விளிம்பைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர் என்ற இரும்பும் மட்டுமே பேச்சு.

கல்லடி வாசகர்: கனடாவில் தம்பி உரிமத்துடன் .308 வின்செஸ்ரர் கோதுகளைத் திரும்ப நிரப்பிச் சுடுகிறான். ஐம்பதில் பத்துப் பன்னிரண்டு கோது ஷெல் ஹோல்டருக்குள் ஏறுவதில்லையாம். எனக்கு லேத்து வேலை தெரியும் என்பதால், ஹோல்டரை அனுப்பினால் கொஞ்சம் அரைத்துத் தருவாயா அண்ணா என்று கேட்கிறான். அரைக்கலாமா?

அரைக்க வேண்டாம். ஐம்பதில் நாற்பது கோது ஏறுகிறது என்றால் ஹோல்டர் சரியாகத்தான் இருக்கிறது. குறை அந்தப் பத்துக் கோதில்.

முதலில் ஹோல்டரைப் பிரஸ்சிலிருந்து (கோதை அமுக்கும் கைப்பிடிப் பொறி) கழற்றிக் கையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறாத கோதை எடுத்து விளிம்பை வாயில் வைத்து மெதுவாகத் தள்ள வேண்டும். சிக்கினால் கால் சுற்றுத் திருப்பி மறுபடி தள்ள வேண்டும். இப்படி நான்கு முறை. ஒரு பக்கத்தில் மட்டும் சிக்கினால் அந்தப் பக்க விளிம்பில் பிசிர் இருக்கிறது. துப்பாக்கியின் எக்ஸ்ட்ராக்டர் நகம் கோதைப் பற்றி இழுக்கும்போது விளிம்பை நெளித்து ஒரு சிறு உதட்டை எழுப்பிவிடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரல் நகத்தை விளிம்போடு ஓட்டினால் மீன் செதில் தட்டுவதுபோல் தட்டும். நுண்பல் அரத்தால் அந்த இடத்தில் மட்டும் இரண்டு இழுப்புப் போதும். விளிம்பைச் சுற்றிலும் அராவினால் எக்ஸ்ட்ராக்டருக்குப் பிடிமானம் போய்விடும்.

நான்கு பக்கமும் சிக்கினால் கோதின் அடியைப் பாருங்கள். சுட்ட பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, அடித்தளத்தை விட்டு மயிரளவு வெளியே தள்ளி நிற்கும். அது ஹோல்டரின் தரையில் இடித்துத்தான் கோது நுழையாமல் நிற்கிறது. தம்பி இதை ஹோல்டர் பிரச்சினை என்று நினைத்திருப்பார். உண்மையில் இது துப்பாக்கியின் அறையில் கோதுக்கு இடைவெளி கூடிவிட்டது, அல்லது ரவையின் அமுக்கம் மிகக் குறைவு என்பதற்கான அறிகுறி. அந்தக் கோதுகளைத் தனியே வைத்து, துப்பாக்கியை அங்குள்ள துப்பாக்கித் திருத்துனரிடம் காட்டச் சொல்லுங்கள். கோது ஏறாத சின்னத் தொல்லையில் இவ்வளவு பெரிய விஷயம் தெரியவருவது நல்லதுதான்.

பிசிரும் இல்லை, பிரைமரும் தள்ளவில்லை என்றால் வேர்னியரால் அளக்க வேண்டும். .308 கோதின் விளிம்பு விட்டம் கூடியபட்சம் 12.01 மில்லிமீற்றர், தடிப்பு கூடியபட்சம் 1.37 மில்லிமீற்றர். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இந்த எல்லைக்குள் சற்று வித்தியாசம் இருக்கும். ஏறாதவை எல்லாம் ஒரே முத்திரையா என்றும் பார்க்கலாம். ஹோல்டரின் காடிக்குள் பிரைமர் கரியும் பித்தளைத் துகளும் அடைந்திருந்தாலும் தடித்த விளிம்பு மட்டும் சிக்கும். பழைய பல்துலக்கியும் சிறிது மண்ணெண்ணெயும் போதும்.

இனி, ஏன் அரைக்கக் கூடாது என்பது. லேத்துக்காரர் கை முதலில் போகும் இடம் ஹோல்டரின் மேல்முகம். அந்த முகத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. கோது அமரும் தரையிலிருந்து ஹோல்டரின் மேல்முகம் வரை உயரம் 0.125 அங்குலம், அதாவது 3.175 மில்லிமீற்றர். டைகள், அதாவது சுட்டு விரிந்த கோதைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சுகள், இந்த அளவை நம்பித்தான் செய்யப்படுகின்றன. மேல்முகத்தில் மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கை எடுத்தால், டையை அதன்மேல் முட்டவைக்கும்போது கோது அவ்வளவு தூரம் கூடுதலாக டைக்குள் ஏறும். அதன் தோள், அதாவது உடம்பு கழுத்தாக ஒடுங்கும் இடம், பின்னால் தள்ளப்படும். அப்படிப்பட்ட கோது அறைக்குள் ஆடும். சுடும்போது அடிப்பகுதிக்குச் சற்று மேலே இழுபட்டு மெலியும். நாலைந்து முறை சுட்டபின் அந்த இடத்தில் வட்டமாக வெடித்துப் பிரியும். சூடான வாயு சுடுபவரின் முகத்துக்கு நேரே வரும். அரைத்துக் கொடுத்தவருக்கு இது தெரியவே வராது.

ரெடிங் நிறுவனம் இந்த உயரத்தை வேண்டுமென்றே கூட்டி, ஒவ்வொன்றும் 0.002 அங்குல வித்தியாசத்தில் 0.002 முதல் 0.010 வரை ஐந்து ஹோல்டர்கள் கொண்ட தொகுதியாக விற்கிறது. தோளைக் குறைவாகத் தள்ள விரும்புவோர் அதை வாங்கலாம். உயரம் கூடுவதுதான் அதன் வேலை. அந்தத் தொகுதியில் குறைக்கும் ஹோல்டர் இல்லை.

இன்னொன்று. கோது ஹோல்டருக்குள் லேசாக ஆடுவதைக் கண்டு இறுக்கமான ஹோல்டர் தேட வேண்டாம். அந்த ஆட்டம் இருந்தால்தான் கோது தானாகவே டையின் நடுவுக்கு வரும். இறுகப் பிடித்தால் கழுத்துக் கோணும்.

கல்முனை வாசகர்: அவுஸ்திரேலியாவில் மச்சானிடம் .223 உம் பழைய .303 உம் இருக்கின்றன. ஒரே எண் ஹோல்டர் எந்தக் கம்பெனியிலும் ஒரே அளவுதானே?

இல்லை. எண் அந்தந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கு. .223க்கு ஆர்சிபிஎஸ் 10, லீ 4, ஹோர்னடி 16. .308க்கு அதே வரிசையில் 3, 2, 1. பெட்டி மேல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் தவறிவிடும். விளிம்பின் விட்டத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். .308, .30-06, .270, .243 எல்லாம் ஒரே 12.01 மில்லிமீற்றர் விளிம்பு. ஒரே ஹோல்டர் போதும். .223 விளிம்பு 9.60 மில்லிமீற்றர். .303 விளிம்பு 13.72 மில்லிமீற்றர், ஆர்சிபிஎஸ் என்றால் எண் 7.

.303க்கு ஒரு சிறு குறிப்பு. அது வெளியே நீட்டிய விளிம்பால் அறையில் தாங்கி நிற்கும் கோது. பழைய லீ-என்ஃபீல்ட் அறைகள் தாராளமாகக் குடையப்பட்டவை. முழுக் கோதையும் ஒவ்வொரு முறையும் சிறிதாக்கினால் விரைவில் அறுந்துபோகும். அதே துப்பாக்கியில் சுட்ட கோதென்றால் கழுத்தை மட்டும் சரிசெய்வது நல்லது.

லீ நிறுவனத்தின், பிரைமரைக் கையால் பொருத்தும் கருவிக்கு வரும் ஹோல்டர் வேறு. பிரஸ் ஹோல்டரை அதில் மாட்ட முடியாது.

வெல்லாவெளி வாசகர்: பயிர்க்காவலுக்கு உரிமத்துடன் வைத்திருக்கும் 12 போர் துப்பாக்கியின் வெற்றுக் கோதுகளை இப்படித் திரும்ப நிரப்பலாமா?

கூடாது. துப்பாக்கி உரிமம் ரவை செய்ய உரிமம் ஆகாது. பன்றிக்கும் யானைக்கும் பயந்து வயலில் இரவைக் கழிப்பவரின் கஷ்டம் தெரிந்தே சொல்கிறோம். ரவை பெறும் வழியை உங்கள் உரிமத்தைப் புதுப்பிக்கும் செயலகத்தில் கேளுங்கள்.

அக்கரைப்பற்று வாசகர்: நோர்வேயில் அண்ணனுக்குக் கோது டைக்குள் இறுகிவிட்டது. கைப்பிடியை இழுத்ததும் விளிம்பு பிய்ந்து ஹோல்டரோடு வந்துவிட்டது. கோது மேலேயே நிற்கிறது. டை போனதுதானா?

டை தப்பும். காரணம் பெரும்பாலும் எண்ணெய் போதாமை. கோதின் உடம்பில் மெல்லிய பூச்சு, கழுத்தின் உட்புறத்தில் ஒரு தொடுகை வேண்டும். தோளில் வேண்டாம், அங்கே எண்ணெய் தேங்கினால் பள்ளம் விழும். இரண்டாவது காரணம் அகலம் கூடிய ஹோல்டர். மக்னம் கோதுக்கான ஹோல்டரில் .308ஐ வைத்தால் ஒரு ஓரத்தில்தான் பிடிக்கும். இழுப்பு முழுதும் அந்த ஓரத்தில் விழ, விளிம்பு கிழியும்.

எடுக்கும் முறை: டையைப் பிரஸ்சிலிருந்து கழற்றி, நடுவிலிருக்கும் பிரைமர் தள்ளும் கம்பியை முடிந்தவரை மேலே தளர்த்த வேண்டும். கோதின் அடியில் பிரைமர் துளையை 5.1 மில்லிமீற்றர் துளைப்பானால் நேராகப் பெரிதாக்கி, கால் அங்குலம் 20 மரை டாப் போட வேண்டும். அடிச்சுவர் தடித்த பித்தளை; மரை நன்றாகப் பிடிக்கும். டையின் வாயில் கோதை விடப் பெரிய துளையுள்ள ஒரு குழாய்த் துண்டை நிறுத்தி, அதன்மேல் தடித்த வாசர் வைத்து, அந்த மரையில் போல்ட்டைத் திருகினால் கோது மெதுவாக இறங்கி வரும். துளைப்பான் சாய்ந்து டையின் உட்சுவரைத் தொட்டால் மட்டுமே டை கெடும். அதனால் கையில் பிடித்துத் துளைக்காமல் நிற்கும் துளைப்பொறியில் துளைக்கச் சொல்லுங்கள்.

பிரைமர் சுடப்பட்டதுதானா என்பதைத் துளைப்பதற்கு முன் பார்த்துக்கொள்ள வேண்டும். சுடாத பிரைமர் என்றால் துளைப்பானைத் தொடவே வேண்டாம். டையோடு அப்படியே துப்பாக்கித் திருத்துனரிடம் கொண்டுபோகட்டும்.