பேக்டு பிரெஞ்சு டோஸ்ட் (முட்டைப் பால் கலவையில் ஊறவைத்து அவனில் சுடும் ரொட்டி) நடுவில் சொதசொதவென்று ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலும் காரணம் ரொட்டிதான். புது ரொட்டியில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால், முட்டைப் பால் கலவையில் ஊறியதும் குழைந்துவிடும். முந்தைய நாளே துண்டுகளாக்கிக் காயவிடுங்கள். நேரமில்லையா? 150 டிகிரி செல்சியஸ் அவனில் 10 நிமிடம் உலர்த்துங்கள், போதும். பிரியோஷ் ரொட்டி கிடைத்தால் அதையே எடுங்கள். அதில் வெண்ணெயும் முட்டையும் இருப்பதால், விசேஷ நாளுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

450 கிராம் ரொட்டிக்கு 8 முட்டை, 500 மில்லி பால், 200 மில்லி கிரீம், 75 கிராம் சர்க்கரை, கொஞ்சம் வெனிலா, பட்டைத்தூள். ஒரு சிட்டிகை உப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இனிப்பு திகட்டும். வெண்ணெய் தடவிய தட்டில் ரொட்டியை அடுக்கி, கலவையை ஊற்றி, மூடி, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். காலையில் வேலை மிகக் குறைவு, இதில் எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான்.

சுடும் முன் 60 கிராம் வெண்ணெயைப் பழுப்புச் சர்க்கரையோடும் நறுக்கிய பாதாம், முந்திரி போன்ற பருப்புகளோடும் பிசைந்து மேலே தூவுங்கள். 180 டிகிரியில் முதல் 30 நிமிடம் ஃபாயிலால் மூடி வையுங்கள். அப்புறம் திறந்து 15 முதல் 20 நிமிடம். மேலே சிவந்ததை மட்டும் நம்ப வேண்டாம். நடுவில் கத்தி செருகினால் திரவம் ஒட்டாமல் வரவேண்டும். வெப்பமானி இருந்தால் அங்கே 71 டிகிரி காட்டவேண்டும்.

கண்ணாடித் தட்டு என்றால் ஃபிரிட்ஜிலிருந்து நேரே சூடான அவனுக்குள் வைக்காதீர்கள், விரிசல் விடலாம். சுட்டு எடுத்ததும் 10 நிமிடம் ஆறவிட்டு வெட்டுங்கள்.